வேலிக்கு வெளியே பதினோரு ஞாயிறுகள்

உட்காருங்கள், அம்மா. அந்த இருக்கையில் என் கைப்பை மட்டும்தான் இருக்கிறது, மடியில் வைத்துக்கொள்கிறேன். பெர்லின் வரைதானே? நானும் பெர்லின்தான். அங்கிருந்து விமானம், பிறகு சென்னை, பிறகு மதுரை. நீங்கள் தொலைபேசியில் தமிழில் பேசியது காதில் விழுந்தது. இந்த நாட்டுக்கு வந்து எண்பத்தெட்டு நாள்கள் ஆகின்றன. என் மகளைத் தவிர வேறொரு மனிதர் வாயிலிருந்து தமிழைக் கேட்பது இதுவே முதல் முறை.

சுற்றிப் பார்க்க வந்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. வரிசையாகச் சொல்கிறேன், வரிசை தவறினால் எனக்குச் சொல்ல வராது. என் பெயர் அங்கயற்கண்ணி. முப்பத்து நான்கு ஆண்டுகள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இலக்கணம் நடத்தினேன். என் ஒரே மகள் எழிலரசி. இப்போது நான் ரயில் ஏறிய வாரன் என்னும் ஊரில் ஏரிநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். சென்ற வியாழனுக்கு முந்தின வியாழக்கிழமை இறந்தாள். வயது நாற்பத்து நான்கு.

வேண்டாம், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. என் குறை அவள் இறந்ததைப் பற்றியது அன்று. அதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். என் குறை ஒரு வாக்கெடுப்பைப் பற்றியது. அதற்கு வருமுன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எழிலுக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. ஒரு பக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்ததும் மதுரைக்கு வந்தாள். வந்த அன்று மாலை படுக்கையறையில் என் முன்னே நின்றுகொண்டு, "அம்மா, பாக்குறியா?" என்று கேட்டபடியே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். நான் கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். எந்தத் தாயும் அதைத்தானே செய்வாள்? காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. அவள் துண்டைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றாள். பிறகு பொத்தான்களைப் போட்டுக்கொண்டு தேநீர் போடப் போனாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பக்குவம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

நான் கடமையில் தவறவில்லை. அவள் இங்கே திரும்பிய மாதமே, மேலமாசி வீதித் தையற்காரரிடம் சொல்லி ஆறு ரவிக்கைகள் தைக்கச் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் உள்ளே பஞ்சு வைத்து, பார்ப்பவருக்குச் சிறிதும் தெரியாதபடி. அஞ்சலில் அனுப்பினேன். இந்த ஜூலையில் நான் வந்தபோது அந்தப் பொட்டலம் பிரிக்கப்பட்டு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. ரவிக்கைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஏன் அணியவில்லை என்று கேட்டேன்.

"இடது பக்கம் தச்சிருக்கும்மா. எனக்கு எடுத்தது வலது."

தையற்காரருடைய கவனக்குறைவைப் பாருங்கள். நான் எழுதிக் கொடுத்த சீட்டில் வலம் என்றுதான் இருந்திருக்கும். எனக்கு இடவலம் தவறுவதில்லை.

நோய் திரும்ப வந்துவிட்டது, எலும்புக்குப் பரவிவிட்டது, கோடையைத் தாண்டினால் பெரிது என்று சொன்னதால்தான் நான் விசா எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் ஒரு கூடையில் ரொட்டியும் பழமும் இரண்டு துண்டுகளும் எடுத்து வைத்தாள். ஏரிக்கரையில் தான் உறுப்பினராக இருக்கும் ஒரு சங்கத்துக்குப் போகலாம் என்றாள். நான் நீலப் பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். கார் ஓட்டிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, கோவப்படாம கேளு. அங்க யாரும் துணி போட்டிருக்க மாட்டாங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்த நாட்டில் இது நூறாண்டுக்கும் மேலான வழக்கமாம். ஆடையின்றிக் கூடி நீந்துவார்கள், பந்தாடுவார்கள், தோட்டவேலை செய்வார்கள், உணவு உண்பார்கள். இதில் காமம் எதுவும் இல்லையாம். ஆடையைக் கழற்றி வைத்துவிட்டால் மருத்துவர் யார், குப்பை வண்டி ஓட்டுபவர் யார் என்று தெரியாதாம். எனவே எல்லோரும் சமமாம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை எழில் 'சுதந்திர உடற்பண்பாடு' என்று மொழிபெயர்த்தாள். பண்பாடு என்னும் சொல்லை இதற்கு ஆளலாமா என்று நான் கேட்டேன். "நீயே வந்து பாத்துட்டு மார்க் போடும்மா" என்றாள்.

நான் உள்ளே போகவில்லை. வாயிலுக்கு வெளியே, உயரமான செடிவேலியை ஒட்டி ஒரு மரப்பலகை இருந்தது. அதில் அமர்ந்துகொண்டேன். மூன்று மணி நேரம். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நோயாளியைத் தனியே அனுப்பலாமா? நான் அவளைக் கவனித்துக்கொள்ளத்தானே வந்திருந்தேன்?

இரண்டாம் ஞாயிறு வாயில் திறந்து ஒரு பெண்மணி வந்தார். எழுபது வயதிருக்கும், நல்ல உயரம், வெண்ணிறக் குளியல் அங்கி அணிந்து இடுப்பில் நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தார். ஒரு தட்டில் காப்பியும் பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட கேக்கும் கொண்டுவந்து பலகையில் வைத்தார். உர்சுலா என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். முன்பு டிராம் ஓட்டுநராக இருந்தவராம். எழிலுக்கு இந்தச் சங்கத்தை அறிமுகப்படுத்தியவரும் அவரே. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு அந்த அங்கியோடு வந்து என் அருகில் அமர்வார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஜெர்மன் தெரியாது. காப்பி ஆறும்வரை இருப்பார். என் புடவையைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆடையின் அருமை புரிந்து வருகிறது என்றுதான் நான் நினைத்தேன். எழிலிடம் அப்படியே சொன்னேன்.

அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அங்கே வலி இருந்தது. "உனக்காகப் போட்டுட்டு வர்றாங்கம்மா. முப்பது டிகிரி வெயில்ல. நீ சங்கடப்படக் கூடாதுன்னு."

எனக்குச் சங்கடம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே.

உள்ளே நடப்பதையெல்லாம் அவளே ஒவ்வொன்றாகச் சொல்வாள். அங்கே ஒழுங்குக்குக் குறைவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கே அமர்ந்தாலும் தன் துண்டை விரித்து அதன் மேல்தான் அமர வேண்டும். படம் எடுக்கக் கூடாது. பகல் ஒன்று முதல் மூன்றுவரை உரக்கப் பேசக் கூடாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்து மணி நேரம் உடலுழைப்புத் தர வேண்டும். ஒரு பல் மருத்துவர் தொப்பியும் காலணியும் மட்டும் அணிந்து ஏணியில் ஏறி வேலி வெட்டுவாராம். இறைச்சி வாட்டுபவர் ஏப்ரன் மட்டும் கட்டிக்கொள்வாராம், எண்ணெய் தெறிக்குமல்லவா. ஆடை உடுத்தியவர்களைத் 'துணிக்காரர்கள்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் குறிப்பார்களாம்.

"அப்ப நான் துணிக்காரியா?" என்று கேட்டேன்.

"நீ துணிக்காரங்களுக்கே தலைமை ஆசிரியைம்மா."

பேச்சில் அவளை வெல்ல முடியாது. ஒருநாள் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "மதுரைல மூணு இருந்தவளுக்கு ஒண்ணு மறைஞ்சதும் மாப்பிள்ளை வந்தார். எனக்கு ரெண்டுல ஒண்ணு போனதும் இருந்த மாப்பிள்ளையும் போயிட்டார். கணக்கு சரியாத்தாம்மா இருக்கு." அவள் கணவர் கதிரவன் அறுவைச் சிகிச்சை முடிந்த ஏழாம் மாதம் கனடாவுக்குப் போய்விட்டார், அதைத்தான் சொன்னாள். தெய்வத்தைப் பேச்சுக்கு இழுக்காதே என்று கண்டித்தேன்.

"அவர் போனதுக்கப்புறம் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டேம்மா. எட்டு மாசம் இருட்டுலதான் குளிச்சேன். உர்சுலாதான் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒருத்தருக்கு ஆபரேஷன் ஆகி வயித்துல பை தொங்குது. ஒருத்தருக்கு ஒரு கால் இல்ல. ஒருத்தரும் என்னை ரெண்டு தடவை பாக்கல. ஒரு தடவை பாத்தாங்க. அது போதும்மா மனுசருக்கு."

கத்தரிக்காய் கறுத்துப்போகும், தண்ணீரில் போடு என்றேன். போட்டாள்.

இப்போது வாக்கெடுப்புக்கு வருகிறேன். ஆகஸ்டு கடைசி வாரம் அவள் ஒரு தாளோடு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. அந்தச் சங்கத்தில் விருந்தினராயினும் ஆடையோடு கரைக்கு வரக் கூடாதென்பது விதி. ஆடை அணிந்த ஒருவர் நடுவே இருந்தால் மற்றவர்கள் பார்க்கப்படுவதாக உணர்வார்களாம். எனக்கு மட்டும் விதிவிலக்குத் தர வேண்டும் என்று எழில் விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். கூட்டத்தில் விவாதித்து, கையுயர்த்தி வாக்களித்திருக்கிறார்கள். ஆதரவாக முப்பத்தொன்று, எதிராக நான்கு. 'திருமதி அங்கயற்கண்ணி தம் மரபுடையில் உள்ளே வரலாம்.' முத்திரையிட்டுத் தந்திருந்தார்கள்.

"முப்பத்தொரு பேரும்மா! உர்சுலா ஒவ்வொருத்தர் கூடாரமாப் போய் உக்காந்து பேசினாங்க. அந்த ஏப்ரன்காரர்தான் கடைசிவரைக்கும் ஒத்துக்கல."

சொல்லுங்கள், அம்மா. நீங்கள் படித்த பெண். நான் புடவை உடுத்துவதற்கு முப்பத்தைந்து அம்மண மனிதர்கள் கையுயர்த்தி அனுமதி வழங்குவதா? எழுபத்து மூன்று வயதில்? அதிலும் நான்கு பேர் எதிராக! அன்றிரவே கடிதம் எழுதினேன். ஒருவர் தம் உடலை எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் பிறருக்கு அனுமதிக்கவோ மறுக்கவோ உரிமை இல்லை; அது அவரவர் மானத்தைப் பொறுத்தது; ஆகவே தங்கள் அனுமதியை ஏற்பதற்கில்லை. இரண்டு பக்கம். எழிலிடம் கொடுத்து ஜெர்மனில் ஆக்கச் சொன்னேன்.

அவள் ஒருமுறை படித்தாள்.

"இதத்தாம்மா அவங்களும் சொல்றாங்க" என்றாள். "அப்படியே திருப்பிப் போட்டு."

ஆனாலும் ஆக்கித் தந்தாள். ஒரு வரியையும் விடவில்லை. நான் வரிகளை எண்ணிப் பார்த்தேன். முடித்த பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னாள்.

"அம்மா, எனக்கு நாள் அதிகம் இல்ல. ஒரே ஒரு தடவை உள்ள வா. நீ புடவையோட இரு, மேல ஸ்வெட்டர் போட்டுக்க, சாக்ஸ் போட்டுக்க. நான் எப்படி இருக்கேனோ அப்படி உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். நீ பாரு. அவ்வளவுதான் வேணும்."

"பார்ப்பதற்கு வீடு இல்லையா? ஏரிக்கரைக்குத்தான் வர வேண்டுமா?"

"வீட்ல நீ துண்டு எடுப்ப. அங்க எல்லாத் துண்டு மேலயும் யாராவது உக்காந்திருப்பாங்க."

சங்கத்திலிருந்து மறுமொழி வரட்டும், வந்தபின் யோசிக்கலாம் என்றேன். அது முறைதானே? கடிதம் எழுதியவள், மறுமொழி வருமுன் போய் நின்றால் கடிதத்துக்கு என்ன மதிப்பு?

மறுமொழி அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர்கள் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுவார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

பதினோராம் ஞாயிறு எழிலால் கார் ஓட்ட இயலவில்லை. உர்சுலா வந்து ஓட்டினார். சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். வாயிலில் எழில் திரும்பி என்னைப் பார்த்தாள்; அழைக்கவில்லை. அன்று நல்ல குளிர். சற்று நேரத்தில் உர்சுலா மட்டும் வெளியே வந்தார். கம்பளிச் சட்டையும் கால்சட்டையும் அணிந்திருந்தார். தம் சட்டையைத் தொட்டுக் காட்டி, வேலிக்கு அப்பால் கையை வீசிக் காட்டி, 'எல்லோரும்' என்பது போல ஏதோ சொன்னார். புரிந்தது. குளிர் நாளில் அவர்களும் உடுத்துகிறார்கள். அன்று அந்த ஏரிக்கரை முழுவதிலும் ஆடையின்றி ஒருவரும் இல்லை. என் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார்.

நான் எழவில்லை. கடிதத்துக்கு மறுமொழி வரவில்லையே. காலநிலை மாறியதால் கொள்கை மாறுமா?

வாயிலிலிருந்து நீர்விளிம்புவரை இருநூறு அடிதானாம். உர்சுலாவின் கைப்பேசி, அவர் ஜெர்மனில் சொல்வதைத் தமிழில் ஆக்கிச் சொல்லும். அது பின்னொரு நாள் சொன்னது. அன்று எழில் போர்வைக்குள் அமர்ந்து ஏரியைப் பார்க்கவில்லையாம். நாற்காலியை வாயிலை நோக்கித் திருப்பி வைக்கச் சொன்னாளாம்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்விட்டாள். நான் அருகில்தான் இருந்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் மேசையில் ஒரு தாள் இருந்தது. தமிழில் எழுதியிருந்தாள். 'எனக்கு உடை எதுவும் உடுத்த வேண்டாம். ஒரு வெள்ளைத் துணி போதும். குளிப்பாட்டும்போது அம்மா இருந்தால் நல்லது.' மூன்று வாக்கியம். ஒற்றுப்பிழைகூட இல்லை.

இறுதிச் சடங்குகள் செய்யும் நிலையத்தில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்கள். வெந்நீர், கடற்பஞ்சு, மடித்த துணிகள். உர்சுலா கைகளை முழங்கைவரை கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். தாளில் 'இருந்தால் நல்லது' என்றுதான் இருந்தது. நான் அறைக்குள் இருந்தேன். நீர் சொட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. உர்சுலா மெல்ல ஏதோ பேசிக்கொண்டே குளிப்பாட்டினார், குழந்தையிடம் பேசுவதைப் போல. அறுவைச் சிகிச்சைக்குப் பின் எழிலின் வலக் கை வீங்கியே இருக்குமாம்; அதை எப்படித் தூக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உதவிக்கு நின்ற பெண்ணை ஒரு சொல்லால் நிறுத்திவிட்டு அவரே தூக்கினார். சன்னல் கண்ணாடியில் நிழலாடியது. நான் கண்களை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்தச் செய்து, அந்தத் துணியின் மேலேயே அவளுக்கு அரக்குப் பட்டு உடுத்தினேன். மடிப்பு ஐந்து. ஒரு விரல்கூடத் துணி விலகவில்லை. அவள் கேட்டதையும் மீறவில்லை. நம் வழக்கத்தையும் மீறவில்லை. இரண்டுக்கும் இடமளித்தேன் அல்லவா? உர்சுலா மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

இறுதிச் சடங்குக்குச் சங்கத்தார் எல்லோரும் வந்தார்கள். முப்பத்தைந்து பேர், எதிர்த்து வாக்களித்த நால்வர் உட்பட. அனைவரும் கறுப்பு உடுப்பு, கழுத்துவரை பொத்தான். ஒருவர் மிகப் பருமனாக, பொருந்தாத கோட்டுக்குள் திணறிக்கொண்டு நின்றார். எழில் சொன்ன ஏப்ரன்காரர் அவர்தான் என்று பின்னர் அறிந்தேன். அவர் என் கையில் ஓர் உறையைத் தந்தார். நான் எதிர்பார்த்திருந்த மறுமொழி. ஒரே பத்தி, உர்சுலாவின் கைப்பேசி தமிழில் படித்துக் காட்டியது. 'தங்கள் கடிதம் சரியானது. அனுமதி வழங்கியது எங்கள் பிழை. அதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. முந்தைய தீர்மானத்தை ஒருமனதாக நீக்கிவிட்டோம். தாங்கள் எப்படி வந்தாலும், எப்போது வந்தாலும் வரலாம்.' கூட்டம் நடந்த நாள் செப்டம்பர் இருபத்தொன்று. எழில் போய் மூன்றாம் நாள்.

ஆக, என் பக்கம் நியாயம் இருந்தது என்பதை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, அம்மா. இந்தப் பத்து நாள்களாக இரவில் கண்ணை மூடினால் துண்டுதான் வருகிறது. அவள் தோளைச் சுற்றி நான் போர்த்தும் துண்டு. அதற்குள்ளே என்ன இருந்தது என்பது வருவதில்லை. எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. பெற்றவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பல் மருத்துவருக்குத் தெரியும். ஏப்ரன்காரருக்குத் தெரியும்.

இப்போது, இந்த ரயில் வருவதற்குச் சிறிது முன்னால், நடைமேடையில் உர்சுலாவைக் கேட்டேன். பெட்டியைத் தூக்கி வந்து என்னோடு நின்றிருந்தார். அவருடைய கைப்பேசியை வாங்கி, 'அது எப்படி இருந்தது?' என்று சொன்னேன். அது ஜெர்மனில் சொல்லிற்று. எது என்று அவர் கேட்கவில்லை. கைப்பேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டார். கையுறையைக் கழற்றினார். என் வலது அக்குளுக்குக் கீழே ஒரு விரலை வைத்து, புடவையின் மேலேயே, மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் சிறிது மேலேறி இறங்கியது. நெஞ்செலும்பின் அருகே நிறுத்தினார்.

நடைமேடையில் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். நான் விலகவில்லை. முந்தானையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. மறுபடி ஒருமுறை என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவர் மறுபடியும் வரைந்தார்.

ஒரு சாணும் இரண்டு விரற்கடையும். இவ்வளவுதான் இருந்தது, அம்மா. இவ்வளவுதான்.